ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

சுருளிப்பட்டி
12–5–1938

அன்புள்ள ஞானதுரை மாமாவுக்கு,

முருகம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதப் போகிறேன்; கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உங்கள் நாற்றுப்பண்ணையில் அப்பா வாங்கிய அறுபது சாத்துக்குடிக் கன்றுகளும் உயிர் பிடித்துவிட்டன. ஜம்பேரி எலுமிச்சையின் மேல் ஒட்டுக் கட்டியவை என்றீர்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிடவும் சொன்னீர்கள். அடிச்செடியின் இலையைப் பார்க்கும் ஆசையில் ஒரு கன்றில் மட்டும் கிள்ளாமல் விட்டேன். இலைக்காம்பின் இருபுறமும் இறக்கைபோல் அகலமாக விரிந்திருக்கிறது. கசக்கினால் நாரத்தை வாசம். எங்கள் கிணற்றடி நாரத்தை இலையும் அதுவும் ஒன்றேதான். பிறகு இன்னும் ஏழு கன்றுகளில் விட்டுப் பார்த்தேன். ஏழும் நாரத்தை.

பக்கத்துத் தோட்டத்துத் தவசி மாமாவின் சாத்துக்குடி நாரத்தை மேல் கட்டியது. நாலாம் வருஷம் நின்றபடியே காய்ந்தது. அதனால்தானே அப்பா ஜம்பேரி கேட்டார்? பருத்தியை அழித்து நட்டிருக்கிறார். அவரிடம் சொன்னால், "ஞானதுரை அப்பிடிச் செய்ய மாட்டாக ஆத்தா" என்கிறார். இலையை இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சு. முருகம்மாள்

பெரியகுளம்
20–5–1938

அன்பு மகள் முருகம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் புத்தியை மெச்சினேன். அந்த வருஷம் ஜம்பேரி விதை முளைக்கவில்லை, முளைத்ததில் கட்டினோம். எல்லா நாரத்தையும் காய்ந்தா போகும்? அப்பாவும் நானும் இருபது வருஷ சிநேகிதர்கள். துளிர்களை நறுக்கிவிடு, யாரிடமும் காட்டாதே. நீ ஆசைப்பட்ட அகராதியை அனுப்பியிருக்கிறேன்.

உன் மாமா,
ஞானதுரை

மாணவியர் விடுதி, உத்தமபாளையம்
17–6–1938

மாமாவுக்கு,

அகராதியை ஒரு நாள் முழுக்க மடியில் வைத்திருந்தேன். அதையும் மறைக்கவில்லை. துளிர்களை நறுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அறுபதையும் வேர் மண்ணோடு பெயர்க்க மூன்று நாள் ஆயிற்று. அவர் சொன்னது ஒன்றுதான்: "என்னய ஏச்சது போகட்டும். பிள்ளைக்குப் புஸ்தகம் குடுத்து வாயடைக்கப் பாத்தாகளே."

திங்கட்கிழமை வண்டி உங்கள் வாசலுக்கு வரும். துளிர் விட்ட எட்டுக் கன்றுகளையும் மேலே வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். வழியெல்லாம் ஜனங்கள் பார்க்கட்டும். அகராதியும் அதில் வருகிறது. நான் சின்னப் பெண் என்று நீங்கள் சொல்லலாம். இலையைச் சின்ன இலை என்று சொல்ல முடியாது.

ஓடைப்பட்டியில் உங்களிடம் கன்று வாங்கிய ஒன்பது பேருக்கும், துளிரைக் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள் என்று ஆளுக்கொரு இலை வைத்து எழுதியாயிற்று. அவற்றை நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன். உங்களுக்கு இதுவே கடைசி.

விளக்கை அணைக்க வருகிறார்கள்.

சு. முருகம்மாள்