சின்னசாமிக்கு நாடி இல்லை

நவம்பர் 4, திங்கள்

பங்காருபேட்டை பஸ்ஸில் நிற்க இடமில்லை. நர்சிங் காலேஜில் கடைசி பெஞ்ச் முழுக்க எனக்கே எனக்கு. தாமதமாகச் சேர்ந்தவள் நான். அதற்குள் எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள்.

மதியம் பி.பி. பார்க்கும் பயிற்சி. ஜோடியில் ஒருத்தி கையை நீட்ட, மற்றவள் பார்க்க வேண்டும். ஐடா மேடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ பொம்மைகிட்ட பண்ணும்மா" என்றார். ரப்பர் பொம்மை. நாடியே இல்லாத கையில் ஸ்டெத்தை வைத்து என்னத்தைக் கேட்பது?

நவம்பர் 6

பொம்மைக்குச் சின்னசாமி என்று பெயர் வைத்தேன். நோயாளியிடம் பேசிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது பாடம். மற்றவர்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கைப்பட்டையைச் சுற்றுகிறார்கள். நான், "இன்னா சின்னசாமிண்ணா, சாப்ட்டியா? கைய நீட்டு" என்றேன். பின்னால் ஒரே சிரிப்பு. மம்தாதான் அதிகம் சிரித்தாள். சித்ரதுர்காவிலிருந்து வந்த கன்னடத்து ஹாஸ்டல் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எதற்குச் சிரித்தாளோ!

"பி.பி. எடுக்கச் சொன்னா குசலம் விசாரிக்கிறியா?" என்றார் மேடம்.

கிளம்பும்போது சின்னசாமிக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டேன்.

நவம்பர் 11

'சின்னசாமி பொண்டாட்டி.' பெயர் நிலைத்துவிட்டது.

நவம்பர் 14

ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் வந்து, வகுப்பறைச் சூழல் எப்படி என்று கேட்டார். நல்ல காற்றோட்டம் என்றேன். பக்கத்தில் ஆளே இல்லை, காற்றுக்கு என்ன குறைச்சல்! அப்படியே எழுதிக்கொண்டார்.

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா பஸ்ல வர்றப்ப அழுதுட்டேன். அடுத்த வெள்ளி பி.பி. தேர்வு — ஆள் கையில. ஸ்டெத்துல அந்த நாடிச் சத்தம் எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது. யார்கிட்ட போயி கைய குடுன்னு கேக்கறது? படிப்பு வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடணும்.

நவம்பர் 17, ஞாயிறு

மற்ற நாளெல்லாம் அப்பாவுக்கு, வேலைக்குப் போய்வரும் பெங்களூர் ரயில்தான் வீடு. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"இன்னாம்மா, காலேஜ் எப்டி போவுது?"

"நல்லா போவுதுப்பா."

நவம்பர் 20, புதன்

மம்தாவின் ஜோடி டீனா, அவளை விட்டுவிட்டு வேறு ஜோடி பார்த்துக்கொண்டாளாம். மதியம் மம்தா வந்து, சின்னசாமிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டினாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிரிச்சவதானே இவ? கன்னடத்திலேயே நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். ஆனால் பழக்கம், வாயில் வந்தது வேறு.

"இன்னா, சாப்ட்டியா?"

"இல்ல," என்றாள். தமிழில்! தினமும் நான் பொம்மையிடம் கேட்டதைக் கேட்டுக் கேட்டே புரிந்துகொண்டிருக்கிறாள். இங்கே வந்த நாளிலிருந்து தன்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்றாள், கன்னடத்தில். கண்ணைத் துடைக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது, இன்னொன்று என்னிடம்.

பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, மெல்ல விட்டேன். டப்... டப்... டப்... இதுதானா! இரு இரு என்று மறுபடி மறுபடி கேட்டேன். பாவம், அவள் கை சிவந்துவிட்டது.

என் எலுமிச்சை சாதத்தை ஆளுக்குப் பாதி தின்றோம்.

பஸ் எங்கள் நந்திதுர்க் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சின்னசாமிக்குப் போர்த்தவே இல்லை.