கொட்டாஞ்சேனைச் சனிக்கிழமைகள்

வெள்ளவத்தை,
12.03.2024

சுபோதினி அறிவது,

நீர் ஆர் என்று எனக்குத் தெரியாது. நான் ஆர் என்று உமக்கு வடிவாகத் தெரிந்திருக்கும். பாட்டுக்கார நாகேந்திரத்தின் மனைவி. அவர் போய் இன்றைக்குப் பத்தாம் நாள்.

உம்முடைய விலாசத்தை அவருடைய பாட்டுக் கொப்பியின் பின்மட்டையிலிருந்து எடுத்தேன். போன் நம்பர் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். குரலைக் கேட்டால் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். எழுத்தென்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

விஷயம் இதுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். மருதானையில் அச்சகம் வைத்திருக்கும் மஷூர் இருபத்தாறாம் தேதிக்குள் எழுதித் தரச் சொல்கிறார். மகள் ஹம்சிகா கனடாவிலிருந்து வந்து நிற்கிறாள், ஆனால் அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆகவே நான்தான் எழுதுகிறேன். இதுவரை எழுதியது:

“1952இல் பருத்தித்துறையில் பிறந்தார். கோயில் நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகினார். பின்னர் முறையாகக் கற்று சங்கீத டிப்ளோமா பெற்றார். இருபத்திரண்டு வயதில் ரெயில்வேயில் கிளாக்காகக் கொழும்புக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதி இசையமைத்தார். ‘பாட்டு வாயால வரவேணும், கடதாசியால இல்லை’ என்பது அவர் கொள்கை. கச்சேரியில் சுரம் பாடமாட்டார். அது வித்தை காட்டுவது என்பார்.”

இனிப் பேர்பெற்ற பாட்டுக்களைப் பற்றி எழுத வேண்டும். நாலு இருக்கின்றன. நவராத்திரிக்கு வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற ‘கடலோரம் காத்திருப்பவளே’. சஹானாவில் ‘உன் வாசல் மணி ஓசை’. முகாரியில் ‘ஏழாம் படியில் நின்றேன்’. காபியில் ‘மறைத்ததை நீ அறிவாய்’. கொப்பியில் நாலுக்கும் அடியில் அவருடைய கையால் “கொட்டாஞ்சேனை, சனி” என்று இருக்கிறது. மேலே சுரக்குறிப்பு முழுவதும் ஒரு பெண்ணின் கையெழுத்து.

முப்பத்தாறு வருடமாகச் சனிக்கிழமை பின்னேரம் “கிளாஸ்” என்று இரண்டு பஸ் மாறிப் போனவர். செத்தவீட்டுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளாஸ் பிள்ளை ஒன்றாவது வந்ததா? நீலச் சேலையோடு கடைசி வரிசையில் நின்று, கொடுத்த சோடாவையும் குடிக்காமல் போனது நீர்தானே?

அங்கே என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதும்.

இப்படிக்கு,
திருமதி ஜெகதீஸ்வரி நாகேந்திரம்

*

கொட்டாஞ்சேனை,
15.03.2024

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். நீலச் சேலை நான்தான். முன்னுக்கு வர எனக்குத் துணிவில்லை.

என் அப்பா செல்லையா, ரெயில்வே வேர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். ஐயாவும் அப்பாவும் சிநேகிதர்கள். நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்யவில்லை. சனிக்கிழமைகளில் ஐயா வருவார், பாடுவார், நான் சுரக்குறிப்பு எழுதுவேன். மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறு மணிக்குப் புறப்படுவார். தப்பாக எதுவும் நடக்கவில்லை அம்மா.

பாட்டுக்களைப் பற்றிக் கேட்டீர்கள். ‘கடலோரம்’ ரெயிலில் வெள்ளவத்தைக் கடற்கரையைத் தாண்டும்போது பல்லவியாக வந்தது என்றார். ‘உன் வாசல் மணி ஓசை’யை எல்லாரும் கோயில் மணி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது எங்கள் தெருவுக்குக் கேட்கும் மாதா கோயில் மணி. ‘ஏழாம் படி’ களுபோவில ஆஸ்பத்திரியில் உருவானது. அப்பாவைப் பார்க்க ஏறும்போது ஏழாம் படியில் மூச்சு வாங்க நின்று, அங்கேயே மெதுவாகப் பாடினார்.

இவற்றைக் கல்வெட்டில் போடலாம். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். ஐயாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

பணிவுடன்,
செ. சுபோதினி

*

வெள்ளவத்தை,
18.03.2024

சுபோதினிக்கு,

நாலு பாட்டில் மூன்றுக்குக் கதை சொன்னீர். நாலாவதைத் தொடாமல் தாண்டிப் போனீர். ‘மறைத்ததை நீ அறிவாய்.’ எதை மறைத்தது? கச்சேரியில் அதைப் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். சபையில் சனம் பக்தி என்று உருகும். நான் முன்வரிசையில் இருந்து, இந்த மனுசன் ஆரை நினைக்குதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்தாறு வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலையில்லை.

மரவள்ளிக்கிழங்காம்! என் வீட்டில் அதைத் தொட்டும் பார்க்கமாட்டார். “வாய்வு, வேண்டாமப்பா” என்பார். அங்கே மட்டும் வாய்வு இல்லையாக்கும்.

சத்தியமாம். உமக்கும் என் புருசனுக்கும் இடையில் சத்தியம் என்ன வேண்டிக் கிடக்கு? தப்பில்லாத காரியத்துக்குச் சத்தியம் எதற்கு?

இன்னொன்று கேளும். சுரம் எழுதத் தெரிந்தது உமக்கு மட்டுமில்லை. வீணையில் டிப்ளோமா எடுத்தவள் நான். கலியாணம் முடித்து இரண்டாம் வருடம், 1988இல், ரீதிகௌளையில் சொந்தமாக ஒரு மெட்டு அமைத்தேன். அதற்கு அவர் சொல் போட வேண்டும் என்று ஆசை. பாடிக் காட்ட வெட்கமாக இருந்தது. வீணையில் மெதுவாகத் தொட்டுப் பார்த்துச் சுரமாக ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். பார்த்தார். “வடிவாயிருக்கு” என்றார். மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். அவ்வளவுதான், பிறகு அந்தக் கதையே இல்லை. அவர் அதை வாசிக்கவேயில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அடுத்த வருடம் வீணையை விற்றேன். அதற்குப் பிறகு ஒரு சுரமும் எழுதவில்லை.

என் எழுத்தைப் பார்க்க நேரமில்லாதவர் உம்முடைய எழுத்துக்காக இரண்டு பஸ் ஏறியிருக்கிறார். என் வயிறு எரியாதா, நீரே சொல்லும்.

இருபத்தாறாம் தேதிக்கு முன் உண்மை வராவிட்டால் கல்வெட்டில் அந்த நாலு பாட்டும் இராது. “பல பாடல்கள் இயற்றினார்” என்று ஒரு வரியோடு முடித்துவிடுவேன். அந்தப் பாட்டுக்களுக்கு என் வீட்டுப் புத்தகத்தில் இடமில்லை.

ஜெகதீஸ்வரி

*

கொட்டாஞ்சேனை,
21.03.2024

அன்புள்ள அம்மா,

இரண்டு நாள் யோசித்தேன். சத்தியத்தை மீறுகிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

ஐயாவுக்குச் சுரம் தெரியாது. ச எது, ரி எது என்று பிரித்துப் பிடிக்க வராது. கேட்டதை அப்படியே பாடுவார், ராகம் பிசகாது. ஆனால் கடதாசியில் இருந்தால் அது அவருக்கு வெறும் எழுத்து. டிப்ளோமா என்பது கல்யாணத் தரகர் உங்கள் அப்பாவிடம் சொன்ன பொய். ஐயா அன்றைக்கு மறுக்காமல் இருந்துவிட்டார். “டிப்ளோமா எடுத்த பொம்பிளை, எனக்கும் டிப்ளோமா இல்லையெண்டால் ஆர் தரப்போயினம்” என்று அப்பாவிடம் சொன்னாராம்.

நீங்கள் தந்த தாளோடுதான் அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. “செல்லையா, உன்ர மகள் இதைப் பாடுவாவோ?” என்று அப்பாவைக் கேட்டார். வெள்ளவத்தையில் யாரிடமாவது கொண்டுபோனால் அவருக்கு வாசிக்க வராதது வெளியே வந்துவிடும். எங்களை அங்கே யாருக்குத் தெரியும்? நாங்கள் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

பாடினேன். மூன்றாம் வரியில் கையை நீட்டி நிறுத்தினார். “இதில ஒரு தட்டுக் குறையுது பிள்ளை.” எண்ணிப் பார்த்தேன், எட்டுக்குப் பதில் ஏழுதான் இருந்தது. வாசிக்கத் தெரியாதவருடைய காது உடனே பிடித்துவிட்டது. திருத்தப் பேனாவை எடுத்தேன். “வேண்டாம், அவ எழுதினபடியே இருக்கட்டும்” என்றார். இன்னும் இரண்டு தரம் பாடச் சொன்னார். பிறகு கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “என்ர மனுசி இவ்வளவு வடிவாச் செய்திருக்கிறா. நான் ஒண்டும் விளங்காமல் வடிவாயிருக்கு எண்டு சும்மா சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்” என்றார்.

அன்று பஸ்ஸுக்குப் போக எழும்பி, வாசலில் நின்றபடியே பாடினதுதான் ‘மறைத்ததை நீ அறிவாய்’.

உங்கள் மெட்டுக்குச் சொல் போடுங்கள் என்று கேட்டேன். “போட்டால் என்ர பாட்டாகிப்போகும்” என்றார். ஒவ்வொரு சனியும் புறப்பட முதல் அதைத்தான் சொல் இல்லாமல் பாடுவார். மூன்றாம் வரியில் அந்தக் குறைந்த இடம் வந்ததும் பாட்டை நிறுத்தி, தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்வார். “வீட்டிலும் பாடுங்கள், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்” என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! “ஆர் பாடிக் காட்டினது எண்டு கேப்பா. இண்டைக்கு எப்பிடியும் சொல்லுறன்” என்று போவார். அடுத்த சனி தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பு எல்லாம் கிழிந்துவிட்டது, மன்னியுங்கள்.

சுபோதினி

*

வெள்ளவத்தை,
24.03.2024

அன்புள்ள தங்கச்சி சுபோதினிக்கு,

தாள் கிடைத்தது. நேற்றுச் சமைக்கவில்லை. ஹம்சிகா கடையில் சாப்பாடு வாங்கி வந்தாள்.

உம்முடைய கடிதத்தை முதலில் நான் நம்பவில்லை. நல்லாகக் கதை கட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வரியைப் பற்றிப் படித்த பிறகுதான் நம்பினேன்.

அந்தத் தட்டு நான் தவறவிட்டதில்லை. வேண்டுமென்றே குறைத்து எழுதினேன். டிப்ளோமாக்காரர்தானே, உண்மையாகப் படித்தால் பிடித்துவிடுவார், “என்னப்பா, இங்க ஒண்டு குறையுது” என்பார், படிக்காமல் சும்மா சொன்னால் தெரிந்துவிடும் என்று வைத்த பொறி. “வடிவாயிருக்கு” என்றார். அன்றைக்கே என் மனம் விட்டுப்போனது. நான் சொன்ன ஆதாரம் இதுதான். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, உமக்குத் தெரிய வழியே இல்லை.

அவர் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். நான் ஒரு பொறியை வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிட்டோம், ஒரே வீட்டில்தான் படுத்தோம். நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. உம்மிலும் கோபம்தான். ஒரு முத்திரை ஒட்டி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். முப்பத்தாறு வருடம்! என் வீணை போயிருக்காது. சரி, நீர் சொன்னாலும் நான் அப்போது நம்பியிருப்பேனோ, அதுவும் தெரியாது.

கல்வெட்டைத் திருத்திவிட்டேன். டிப்ளோமாவை வெட்டிவிட்டு, “கேள்வி ஞானத்தாலேயே பாடினார், சுரம் எழுத அறியார்” என்று போட்டேன். “அம்மா, சபாக்காரர் சிரிப்பினம்” என்று ஹம்சிகா தடுத்தாள். சிரிக்கட்டும். நாலு பாட்டுக்கும் நீர் சொன்ன கதைகளை எழுதினேன், மாதா கோயில் மணி உட்பட. அடியில் “சுரப்படுத்தியவர்: செல்லையா சுபோதினி” என்று இருக்கிறது. ஐந்தாவதாக ரீதிகௌளை மெட்டு. “பாட்டுக்குச் சொல்லே இல்லையே, என்ன தலைப்புப் போட?” என்று மஷூர் போன் எடுத்துக் கேட்டார். தலைப்பு வேண்டாம், என் பெயரை மட்டும் போடுங்கள் என்றேன்.

அந்தியேட்டி ஏப்ரல் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலமை ஒன்பதுக்கு வாரும். கடைசி வரிசையில் நிற்க வேண்டாம். படையலுக்கு அவருக்குப் பிடித்தது வைக்க வேண்டும், ஆகவே மரவள்ளிக்கிழங்கு அவிப்பேன். நீர் மஞ்சள் போடுவீரா, இல்லையா என்பதை எழுதும்.

சாப்பாட்டுக்கு முன் அந்த மெட்டைப் பாட வேண்டும். நான் எழுதினேனே தவிர, ஒருவர் பாடி ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாம் வரியில் அந்த இடம் வந்ததும் நிறுத்தும். தட்டை நான் போடுகிறேன்.

ஜெகதீஸ்வரி அக்கா