உங்கள் பெயரில் இருக்கும் பதினான்கு வாசிப்புகள்

என் ஜெரோம் அண்ணாவுக்கு,

இன்று காலை எழும்பியதும், முகம்கூடக் கழுவாமல், நான் முதலில் செய்தது உங்கள் கீபோர்டின் மேல் கிடந்த பெட்ஷீட்டை இழுத்து எடுத்துவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டதுதான். அது உடனே விழிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீளும். நீண்டு முடியும்வரை ஸ்டூலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டுப் பட்டியலுக்குப் போனேன். ஜெரோம் ஒன்று, ஜெரோம் இரண்டு என்று பதினான்கும் அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் ஒலிக்கவிடவில்லை. பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு அணைத்தேன்.

அது இன்னும் வெள்ளவத்தையில் என் ஃப்ளாட்டில்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஏற்றிப் போக ஒரு வான் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். கடற்காற்றில் அதன் ஆணிகள் துருப்பிடிக்கின்றன. சன்னலைப் பூட்டியே வைக்கிறேன். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

சனிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். பின்னேரம் ஆண்டுத் திருப்பலி, அதன்பிறகு பங்கு மண்டபத்தில் உங்களோடு வாசித்த எல்லாரும் கூடுகிறார்கள். அதைப் பற்றிக் கதைக்கப் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஜிந்துப்பிட்டியில் இருந்து உங்கள் கித்தார்காரன் பாலா. தெமட்டகொடையில் இருந்து உங்கள் ட்ரம்ஸ்காரர் நிஹால். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் முன்பே கீபோர்டிடம் போய்விட்டார்கள். நிஹால் அதன் மூலையைத் தொட்டுக் கும்பிட்டார். அவருக்கு நான் இன்னும் சிங்களத்தில்தான் தங்கச்சி, பாலாவுக்கு அவர் சிங்களத்தில் அண்ணா.

"நங்கி, இவளுக்கு வயசே போகல்லயே."

"அவளுக்கும் சேத்து உங்களுக்குத்தான் போயிருக்கு அய்யே," என்றான் பாலா.

"என்ட இடுப்பு வருத்தம் இவள் தந்தது, தெரியுமா? மூணாம் மாடிக் கலியாண ஹோலுக்கு லிப்ட் இல்லாம தூக்கினது. ஜெரோம் பின்னால வந்து, 'மெதுவா மச்சான், மெதுவா, அவளுக்கு நோகும்' எண்டு சொல்றார். எனக்கு நோகிறதப் பத்தி ஒரு சொல்லு இல்ல!"

பாலா ஸ்விட்ச்சைப் போட்டு, ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தை எடுத்து, மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரே ஒரு கோர்ட்டை அமத்திப் பிடித்தான். அறை முழுக்க அது நிறைந்தது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றது.

"இங்க பாருங்க அக்கா. இப்ப லப்டொப்புக்குள்ள ஆயிரம் சவுண்ட் வருது. விரல எடுத்தாப் பிறகும் இப்பிடி நெஞ்சுக்குள்ள நிக்கிற ஒண்டு அதுல இல்ல."

"லப்டொப், கலியாணப் பொண்ணு வாசலுக்கு வார நேரம் பாத்து நிண்டு போகும்," என்றார் நிஹால். "இவள் நிக்க மாட்டாள். ஜெனரேட்டர்ல போட்டாலும் பாடுவாள். மழையில நனஞ்சும் பாடினவள்."

உங்கள் கூட்டத்தில் ஆட்களைக்கூட இவ்வளவு நேரம் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அந்த மெஷினை எதற்காக இவர்கள் இப்படி நேசிக்கிறார்கள் என்று யோசித்தேன். கொடுத்ததை ஒரு மயிரிழை மாறாமல் திருப்பித் தரும். யார் கொடுத்தது என்று மட்டும் அது சொல்லாது.

பிறகுதான் பாலா திட்டத்தைச் சொன்னான்.

"அக்கா, நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. மேடையில இத வைப்பம். ஸ்டூல் சும்மா இருக்கட்டும். மேல ஒரு லைட். அண்ணா கலியாண வீட்டுல தொடக்கத்தில வாசிக்கிறத உள்ளுக்குப் பதிஞ்சு வச்சிருக்கார் எண்டு அண்ணி சொன்னா. பட்டன அமத்தினாச் சரி. அவரே வாசிக்கட்டும்."

பெண் மண்டபத்துக்குள் வருவதற்கு முன் நீங்கள் தனியாக வாசிக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள். மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சாப்பாட்டுக் கதை கதைப்பவர்கள்கூட வாயை மூடுவார்கள்.

"அதுக்குள்ள ஒரு சுத்து வரும் பாருங்க," என்று பாலா வாயால் பாடிக் காட்டினான். "நேர அந்த நோட்டுக்குப் போகாம, கீழ இறங்கி, சுத்தி மற்றப் பக்கத்தால வருவார். நாங்க அதுக்கு ஜெரோம் சுத்து எண்டு பேரே வச்சிருக்கம். நானும் கித்தார்ல பழகினன், வருதே இல்ல. கடைசி மூணு வருசத்திலதான் அது வந்தது. கடைசியிலதான் மனுசன் மனசால வாசிச்சார் அக்கா."

நான் பிளேன்டீ போட என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். தண்ணீர் கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றேன்.

அண்ணா, அந்தச் சுற்று எப்படி வந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மேல் பக்கத்தில் ஒரு கட்டை, என் வீட்டுக் கடற்காற்றில் உப்புப் பிடித்து, மெதுவாகத் தொட்டால் ஒலிக்காமல் போனது. அதற்கு வழிவிட்டு என் விரல் சுற்றிப் போனது. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் வலது கையில் இரண்டு விரல்கள் சொல்வழி கேட்காமல் போன அந்த மழைக்கால மாதத்தை நினைக்கிறேன். சின்ன ஸ்ட்ரோக், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். உங்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணியிடம் கை சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, ஷேர்ட் பட்டனைப் போட முடியாத கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் கதவடியில் வந்து நின்றீர்கள்.

"சுகந்தி, நீ கோயில்ல ஓர்கன் வாசிக்கிறாய்தானே. எனக்கு ஒரு வாசிப்பு வாசிச்சுத் தா."

கீபோர்டையும் என் ஃப்ளாட்டுக்கே கொண்டுவந்து வைத்தீர்கள். ஒன்று என்றீர்கள். பதினான்கு ஆனது. ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரே வாசிப்புக் கேட்டால் பிடிபடும் என்று பயம். இன்ஷூரன்ஸ் ஒபிஸால் வந்து, உடுப்பு மாற்றி, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு நான் வாசிப்பேன். நீங்கள் இன்னொரு ஹெட்ஃபோனோடு பக்கத்தில் இருப்பீர்கள். தாளத்தை மெஷினைக் கொண்டு திருத்தலாமே என்று ஒரு நாள் கேட்டேன். "வேண்டாம். திருத்தினா மெஷின் எண்டு தெரிஞ்சிடும். உன்ட பிழை அப்பிடியே இருக்கட்டும். பிழை இருந்தாத்தான் என்னை நம்புவாங்கள்," என்றீர்கள். மேடையில் கட்டைகளுக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டு, என் வாசிப்பை ஓடவிட்டு, அதன் மேல் உங்கள் கைகளை நடத்தினீர்கள். மற்றப் பாட்டுகளுக்கு இடது கையால் கோர்ட்ஸ் மட்டும். ராகத்தைப் பாலாவின் கித்தாருக்குத் தள்ளிவிட்டீர்கள். இளையவனுக்கு இடம் விடுகிறார் என்று அதற்கும் உங்களைப் புகழ்ந்தார்கள்.

ஒரு கலியாணத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடி வழுக்கியது. வலது கையைத் தூக்கி அதை நிமிர்த்தினீர்கள். வாசிப்பு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பலமாக இருமினேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது. பிறகு நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கினீர்கள். யாருக்கும் சொல்லக் கூடாது. சாகும்வரைக்குமா, அதற்குப் பிறகுமா என்று இரண்டு பேரும் கதைக்கவில்லை. சாவு பற்றி யார் நினைத்தது?

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னை இந்த வாரம் முழுக்க நித்திரை கொள்ள விடவில்லை. ஏழாவது வாசிப்போடு மெஷினில் இடம் முடிந்துவிட்டது. நீங்கள் உங்கள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். இருபது வருடமாக வாசித்து வைத்தவை. திரை, நிச்சயமா என்று கேட்கும். இடது பெருவிரலால் ஆம் என்பீர்கள். வேறு எதிலாவது ஒரு கொப்பி எடுத்து வைப்போம் அண்ணா என்றேன்.

"ஆள் உயிரோட இருக்கேக்க போட்டோவுக்கு மாலை எதுக்கு?" என்று சிரித்தீர்கள்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. என் எட்டாவதற்கு இடம் வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. இதை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொன்னதில்லை.

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ நல்ல சுகம். உங்கள் ஷேர்ட்டுகளை இன்னும் அலுமாரியில்தான் வைத்திருக்கிறா. ஒவ்வொரு நாளும் விடிய, அடுப்பு மூட்டும் முன், கடைசி வருடங்களில் நீங்கள் வாசித்த ஒரு கலியாண வீடியோவை ஃபோனில் போட்டுப் பார்க்கிறா. நேற்றும் எடுத்துக் கதைத்தா.

"சுகந்தி, முந்தி இந்த மனுசன் வாசிச்சா எனக்குத் தலையிடி. ஊருக்குக் காட்டுறதுக்கு எண்டு வாசிக்கிற மாதிரி. கடைசியிலதான் எனக்கெண்டு வாசிச்ச மாதிரி இருந்தது. வருத்தம் வந்தாப் பிறகு ஆள் பதமாகிட்டார், என்ன?"

"ஓம் அண்ணி," என்றேன். அவவுக்கு மிச்சம் இருப்பது அந்த மூன்று நிமிடம். அதைப் போய் நான் பறிக்கவா?

இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பாலா புகழ்ந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. குசினிக்குள் நின்று நான் அழுதது உங்களை நினைத்து மட்டும் அல்ல. நாற்பத்தாறு வயதில் முதல் தரமாக ஒருவன் என் வாசிப்பை வாயால் பாடிக் காட்டுகிறான், அதை என்னுடையது என்று சொல்ல முடியவில்லையே என்ற எரிச்சலும் அதில் இருந்தது. செத்துப்போன அண்ணாவிடம் பங்கு கேட்கிற தங்கச்சி என்ன மாதிரியான பிறவி?

சனிக்கிழமை பட்டனை அமத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்போம், அதுதான் உங்களுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெளிக்கிட்டபோது அந்த நினைப்பைக் கெடுத்தது நிஹால். பாலா ஓட்டோவைப் பிடிக்க முன்னால் போய்விட்டான். இவர் படியில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"நங்கி, கோவிக்க வேணாம். பாலா சொல்றதெல்லாம் சரி. ஆனா எனக்கு மத்த ஜெரோம்தான் விருப்பம். பாஞ்சு பாஞ்சு வாசிச்சவர். எனக்கு முன்னால ஓடிப் போவார், நான் ட்ரம்ஸத் தூக்கிக்கொண்டு பின்னால வெரட்டுவன். பிழை விட்டா என்னத்தான் மொறச்சுப் பாப்பார், திருடன்! அந்த ஆளிட வாசிப்பு ஒண்டும் உள்ளுக்கு இல்லயா?"

"இல்ல. அழிஞ்சிட்டுது."

"ஐயோ. எப்பிடி?"

"இடம் இல்லாமப் போச்சு."

அவர் ஏதோ கேட்க வந்தது போல இருந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அந்தப் பாயும் மனிதனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். மேடையில் வியர்த்து ஒழுகி, சின்ன நோட்டைக்கூடச் சும்மா விடாமல் வளைத்து, பிழை விட்டுவிட்டு ட்ரம்ஸ்காரனை முறைக்கிற என் அண்ணா. அவர் எங்கே? சனிக்கிழமை அந்த மண்டபம் எழுந்து நின்று அழும். அடக்கமாக, மெதுவாக வாசித்த ஒரு ஆளுக்காக அழும். அப்படி ஒரு ஆள் நீங்கள் இல்லையே. மெஷினில் உங்களை அழித்தது நீங்கள்தான். மனிதர்களின் நினைவில் இருந்தும் உங்களை அழிக்கப்போவது என் மௌனம். இதை ஏன் நான் இவ்வளவு நாளும் விளங்கிக்கொள்ளவில்லை?

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் பாலா கேட்டிருக்கிறான். முதலில் எழுதியதில் உங்கள் விரல்களைப் பற்றி அழகழகாக நாலு வரி இருந்தது. திருப்பி வாசித்தபோது வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதியதுதான் இந்தக் கடிதம்.

நாளைக்கு ஒபிஸுக்கு லீவு போட்டுவிட்டு கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். முதலில் அண்ணிக்கு முன்னால் இருந்து இதை வாசித்துக் காட்டுவேன். அவ என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தாங்கத்தான் வேண்டும். கலியாணம் கட்டின மனிதன் தன் கை போனதை அவவிடம் ஒளித்தான், அவனுடைய தங்கச்சியும் சேர்ந்து ஒளித்தாள். அதை மண்டபத்தில் நூறு பேரோடு சேர்ந்து அவ அறியக் கூடாது. அதற்குப் பிறகு இந்தத் தாள்களைப் பாலாவின் கையில் கொடுப்பேன்.

சனிக்கிழமை அந்த ஸ்டூல் வெறுமையாக இருக்காது. நான் அதில் இருப்பேன். கட்டைகளையும் சத்தத்தையும் மறுபடி தொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் என் கையால் வாசிப்பேன். பிறகு எழும்பி நிஹாலைக் கூப்பிட்டு, நீங்கள் உண்மையில் எப்படி வாசித்தீர்கள் என்று சொல்லச் சொல்வேன். அவரால் வாயால் சொல்ல முடியாவிட்டால் ட்ரம்ஸில் அடித்துக் காட்டட்டும். உங்களை விரட்டிப் பிடித்தவர் அவர்தானே.

இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அந்தோனியார் மேல் செய்த சத்தியத்தை உடைக்கிறேன், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக இன்னொரு வாக்குத் தருகிறேன் அண்ணா. என் வாசிப்புக்கு யாராவது உங்களுக்குக் கைதட்டினால், இனி நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

கோபம் வந்தால் முறைத்துப் பாருங்கள்.

உங்கள் ஒரே தங்கச்சி
சுகந்தி