இலைகளுக்கு நடுவில் இருந்த பேர்

பிரிக்பீல்ட்ஸ்,
12.3.1978

பவுனுக்குட்டி,

அந்தச் சீமைக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டு அம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

அப்பாவுக்கு முப்பதாம் நாள் படையல் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு லீவு தராததை யாரும் குறையாகப் பேசவில்லை, பக்கத்து வீட்டு வீரம்மாதான் "பொண்ணு பிளேன் ஏறி வந்திருக்கலாம்லா" என்றாள், "நீ போயி பிளேனை அவ வாசல்ல நிறுத்து, ஏறி வருவா" என்றேன். நீ அதையே நினைத்து அழாதே.

அப்பாவுடைய வெள்ளிக் கோப்பையைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தாய். ரயில்வேத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது, ரெண்டு பக்கமும் காது மாதிரி வளைந்த பிடி, அடிப்பக்கம் முறுக்கினாற்போல் வரி வரியாக இருக்கும், அதற்கு மேலே இலையும் பூவும் மோரிப் கடற்கரையில் நீ பொறுக்குவாயே அந்தச் சிப்பியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கம் போல மறு பக்கம் இராது, சரியாக வரையத் தெரியாதவன் செய்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அப்படிக் கோணலாக இருந்தால்தான் இருநூறு வருஷத்துப் பழசு என்று உன் வார்டில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி சொன்னதாக எழுதியிருந்தாய், அந்த வேலைப்பாட்டுக்கு ரொக்கோக்கோ என்று பேராம், கோழி கூப்பிடுவது போல இருக்கிறதே என்று அத்தனை துக்கத்திலும் சிரிப்பு வந்தது. இலைகளுக்கு நடுவில் வெறுமையாக ஒரு இடம் விட்டிருப்பார்கள், அது பேர் வெட்டுகிற இடம், அதில் என்ன இருக்கிறது பாரும்மா என்று கேட்டிருந்தாய். அதில் ஒன்றும் இல்லை பவுனு. இருந்தது. நான்தான் அழித்தேன்.

நம் சாமானில் நம் பேர்தானே இருக்க வேண்டும், அடுத்தவர் பேர் வெட்டிய பாத்திரத்தை வீட்டில் வைத்துப் புழங்கினால் இரவல் வாங்கியது போல இருக்காதா. அந்த இடத்தில் இங்கிலீஷில் ரெண்டு வரி இருந்தது. துரை பேர் என்று நானே நினைத்துக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் புளியும் செங்கல் பொடியும் போட்டு அந்த இடத்தை மட்டும் தனியாக அழுத்தித் தேய்ப்பேன். அடியில் நடக்கிற மாதிரி ஒரு குட்டிச் சிங்கம் இருக்கிறது, ஆத்தாள் வாகனம் என்று அதை மட்டும் விட்டுவைத்தேன்.

படையலுக்கு அந்தக் கோப்பையில்தான் அப்பாவுக்குப் பால் விடாத கோப்பி ஓ ஊற்றி வைத்திருந்தேன். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து முத்துக்குமாரு ஐயா வந்திருந்தார், அப்பா தண்டவாள வேலை செய்தபோது ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். படையல் முடிந்ததும் கோப்பையை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, இதிலை இருந்த எழுத்து எங்கை?" என்றார். நான் பெருமையாக, "அந்தத் தொரை பேருதானே, தேச்சு எடுத்துட்டேங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது துரையின்ரை பெயர் இல்லையம்மா. என் உயிரைக் காத்த ரெங்கசாமிக்கு எண்டு இருந்தது. அந்தப் பெயரைத் துரைக்கு எழுத்துக்கூட்டி எழுதிக் குடுத்ததே நான்தான்" என்றார்.

ஒரு மழையில் பாலத்துக்குப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் மண் சரிந்து கிடந்ததாம், அது தெரியாமல் துரை டிராலியில் வந்துகொண்டிருந்தாராம், அப்பாதான் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி நிறுத்தினாராம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு முட்டி கிழிந்து வந்ததுதான். "வழுக்கி விழுந்துட்டேன் புள்ள" என்றார், நானும் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். அவர் பேரை ஒரு நாளும் நான் வாயால் சொன்னதில்லை. கையால் அழித்திருக்கிறேன்.

மறுநாளே பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன், பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற கார்த்திகேசுவிடம். "என்ன பேருக்கா வெட்டணும்?" என்றான். அப்போதும் வாய் வரவில்லை, அப்பா பேர் போட்ட ஐசி அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தான். "தேச்சுத் தேச்சுக் காகிதமாட்டம் ஆயிருச்சுக்கா, உளி வச்சா ஓட்டை விழுந்துரும். அடியில வேணா வெட்டித் தரவா?" என்றான். அடியில் எதற்கு அவர் பேர், வேண்டாம் என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் அதில் புளி படாது, செங்கல் பொடியும் படாது. கறுத்தால் கறுத்துக் கிடக்கட்டும்.

நீ நர்ஸ் பரீட்சையை நல்லபடியாக எழுது. மாரியாத்தாள் உனக்குத் துணையாக நிற்பாள், அப்பாவும் நிற்பார். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. அந்தக் கிழவி கேட்டால் எழுத்து தேய்ந்துவிட்டது என்று மட்டும் சொல், யார் தேய்த்தது என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மாள்

கடிதத்தை மடித்த பிறகு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். நீ ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, கோப்பையை அவரிடம் நீட்டி, "பாருங்க, தொரை பேரு சுத்தமா போயிருச்சு, இனிமே இது நம்ம சாமான்" என்றேன். படிக்கத் தெரியாவிட்டாலும் இங்கிலீஷில் தன் பேர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், சம்பளத் தாளில் அதைப் பார்த்துத்தானே கைநாட்டு வைப்பார். அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு அதிலேயே கோப்பி ஊற்றச் சொன்னார். ஏன் பவுனு, அப்போதாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவர்?