சுண்டுவிரலைப் பற்றி நான் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்கத்தான் கை போகிறது, தொடங்கினால் பாதி பொய்யாகிவிடும். அப்பா சுகம். மூட்டுவலி பழையபடி, டிவி சத்தம் பழையதைவிட அதிகம், துணி துவைக்கும் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது, மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. நான்தான் சுகமில்லை. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து ஏதாவது கேட்பாய், நான் அழுதுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

போன மாதம் போனில் சொன்னாயே, செல்லோ வாசிக்கும்போது வேகமான இடங்களில் இடது கைச் சுண்டுவிரல் தானாக உள்ளே மடங்குகிறது, வலியே இல்லை, ஆனால் நிமிர மாட்டேன் என்கிறது என்று. நான் என்ன சொன்னேன்? சோம்பேறிக் கழுதை, தினமும் இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்து வாசி, தானா வழிக்கு வரும்னு சொன்னேன். அது பொய் கண்ணு. என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூன்று வருஷமாக அப்படித்தான் மடங்குகின்றன. நானும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கூட்டினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, ஒரே நான்கு வரியைத் திரும்பத் திரும்ப. உன் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், இந்த வயசுலயும் எப்படி உழைக்கிறா பாருங்கன்னு பெருமையடித்துக்கொண்டிருந்தார். விரல் இன்னும் மோசமானதுதான் மிச்சம். முப்பத்தொரு வருஷம் ஒரே இசைக்குழுவில் செல்லோ வாசித்தவள், நீ வயிற்றில் இருந்தபோது அந்த ஆளுயர வயலினை ஒருக்களித்து வைத்து எட்டாம் மாதம்வரை வாசித்தவள், கடைசி ஒரு வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? வேகமான இடம் வந்தால் வில்லைத் தந்தியில் படாமல் ஒரு நூலளவு மேலே ஓட்டினேன். கை ஆடும், சத்தம் வராது. பக்கத்து நாற்காலியில் என்னோடு ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் அந்த நெட்டை மனுஷன், நம் ஒட்டடைக்குச்சி, அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நீ பேசாம கைய ஆட்டு, நான் ரெண்டு பேருக்கும் சேத்து வாசிக்கிறேன்னார். கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான்.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலியில் ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்தார்கள், உன் வயதுதான் இருக்கும். செல்லோ சத்தம் மெலிந்து கேட்கிறதே என்று குழுவை நடத்துகிறவர் ஒத்திகையை நிறுத்தி, எங்களை இரண்டிரண்டு பேராக வாசிக்கச் சொன்னார். எங்கள் முறை வந்தபோது ஒரு செல்லோதான் கேட்டது. மறுபடி என்றார். மறுபடியும் ஒன்றுதான். அப்போது அந்தப் பெண், மன்னிச்சிருங்க சார், நான்தான் சரியா வாசிக்கலன்னு சொல்லிவிட்டாள். பயத்தில் சொன்னாளா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவளை அங்கேயே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், அவள் குனிந்து பெட்டியை மூடும்வரை நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வெட்கங்கெட்டவளாகிவிட்டாள் உன் அம்மா. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி வேலையை விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன், வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள்.

அங்கிருந்து நேரே நரம்பு டாக்டரிடம் போனேன். கோளாறு விரலில் இல்லையாம், விரலுக்கு உத்தரவு போடும் மூளை குழம்பிவிட்டதாம், வாசிக்க வாசிக்க அந்தக் குழப்பம்தான் படிந்து இறுகுமாம். ஆரம்பத்துலயே வாசிக்கறத நிறுத்திட்டு வந்திருந்தா பாதியாவது மீட்டிருக்கலாம்மா, இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு லிஃப்ட் வரை வந்தவள், திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, என் பொண்ணுக்கு இருக்குன்னு சொன்னேன். இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்கன்னார்.

அடுத்த மாதம் உன் குழுவில் செல்லோக்காரர்களின் தலைமை நாற்காலிக்குத் தேர்வு என்றாய், ஆறு வருஷமாகக் காத்திருந்தது என்பதும் தெரியும். போகாதே. என்னைப் பார்த்துப் பொறாமைக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, போகாதே. நீ என்னைப் போல இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த விரல் பழையபடி நிமிரட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, செல்லோவைப் பெட்டியில் வைத்துவிட்டு டாக்டரைப் பார். பார்த்த பிறகு பதில் போடு. நான் சொன்ன அந்த இரண்டு மணி நேரத்தை இதுவரை எத்தனை நாள் கூட்டி வாசித்தாய் என்பதை மறைக்காமல் எழுது. திட்டியே எழுது.

உன் அம்மா