கீழ் வீட்டுக்காரரின் புகார்

என்னங்க,

நீங்கள் வெளியூர் வேலைக்குப் போன மறுவாரமே கீழ் வீட்டு பஸ் டிரைவர் படியேறி வந்தார். "ராத்திரி டூட்டிம்மா, பகல்லதான் தூங்கணும். உங்க பிள்ளைய ஓடாம இருக்கச் சொல்லுங்க."

நமக்கு ஏது பிள்ளை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சொல்றேண்ணே" என்று வந்துவிட்டது.

இரண்டே நாளில் மறுபடியும் வந்தார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. பஸ் ஓட்டுகிற மனிதர், பாவம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அந்தச் சின்ன அறைக்குப் போனேன். வீடு வாங்கியதும் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்ல, நானும் தலையாட்ட, கடைசியில் இஸ்திரி மேசையும் உங்கள் பழைய பெட்டிகளும் குடியேறிய அறை. "ஒரு இடத்துல உக்காரு! காலை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினேன்.

அதோடு சரி. நேற்று டிரைவரே வந்து விசாரித்தார்: "சத்தத்தையே காணோமே, பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அழுதுவிட்டேன்.

லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை. அப்பா கூப்பிட்டால் வரும்.

உங்கள் வீட்டுக்காரி