கழிக்கக் கூடாத நிறை

வெள்ளவத்தை

அன்புள்ள மகன் மிதுஷனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். மெல்பேர்னில் நீயும் றஷ்மியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன், காலி வீதி பஸ் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குறூப்பில் கனடா வரைக்கும் போய்விடும். அதனால்தான் சனிக்கிழமை அங்கே திரும்பும் நிஷாந்தினியிடம் இதை நன்றாக ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. லிஃப்ட் மறுபடி பழுது, திருத்த வந்தவரும் படியேறித்தான் வந்தார். டிசம்பரில் நாங்கள் வந்ததும் உன் புது டபிள் கெப் பிக்கப்பில் அந்தப் படுக்கை வண்டி கரவனைக் கொழுவிக்கொண்டு மலைப்பக்கம் போவோமென்று நீ அனுப்பிய கணக்கை அப்பா கீழ்வீட்டு ஷிஹானிடம் பெருமையாகக் காட்டினார். அவன் தன் கெப்பில் கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் இழுப்பவன். கெப் மூன்றரை டன் இழுக்கும், கரவன் இரண்டரை டன்தான், பயமில்லை என்று நீ எழுதியதைப் பார்த்துவிட்டு, இழுக்கிறது வேற சுமக்கிறது வேற அன்ரி என்றான். சுமக்கக் கூடியது தொள்ளாயிரம் கிலோதானாம். கரவனின் மூக்கு கெப்பின் வாலில் அழுத்துமே, அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு, அந்த இருநூற்றைம்பதும் கெப்பின் சுமைதானாம். நீ பூட்டிய இரும்பு பம்பர், பின்தட்டுக்கு மேல் போட்ட மூடி, பிரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி, எங்கள் பெட்டிகள் எல்லாம் நானூற்றைம்பது. மிச்சம் இருநூறு. இந்த இருநூறில ஆர் ஆர் ஏறப் போறீங்க என்று கேட்டான். அப்பா இருமினார்.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன், நீ இந்த வீட்டுப் பிள்ளை. எயார்போட்டுக்குப் போகுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு ஆளின் நிறையைக் கழிப்பதுதானே நம் வழக்கம். கழித்துக் கழித்தே பழகிவிட்டோம். கெப்புக்கு அந்தச் சலுகை இல்லை, ஏறுகிற எல்லோரும் சாமான்தான், மருமகள் உட்பட. ஷிஹானும் ஜெனரேட்டரை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, மேளகாரர் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் கடுகண்ணாவை இறக்கத்தில் போயிருக்கிறான். பின்னால் வந்தது மாட்டு வாலாய் ஆட, பிரேக் கேட்காமல் ஒரு பழக்கடைக்குள் போய் நின்றதாம். உயிருக்கு ஒன்றுமில்லை. அவன் அதைச் சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை ராசா.

ஆகவே பம்பரைக் கழற்று. கங்காரு குறுக்கே வந்தால் மெதுவாகப் போ. பிரிட்ஜை வீட்டில் விடு, அதையெல்லாம் கரவனுக்குள் மாற்றிவிட்டுக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதே, அப்போது மூக்கு இன்னும் அழுத்தும். நான் இடியப்ப உரலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மிளகாய்த்தூளைக் குறைக்க மாட்டேன். எல்லாம் ஏற்றிய பிறகு லொறிகளை நிறுக்கும் நிறைபாலத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எழுபத்திரண்டு கிலோ, அது ஊருக்கே தெரியும், எப்போதும் பெட்டியோடு தராசில் ஏறுகிறவர் அவர்தானே. நான் ஏறி நீ பார்த்திருக்க மாட்டாய். நேற்று ஒருவரிடமும் சொல்லாமல் தெஹிவளைக்குப் போய் ஒரு ஃபாமசித் தராசில் ஏறினேன். அங்கிருந்த பெண் கடை முழுக்கக் கேட்கச் சிங்களத்தில் வாசித்தாள். தெஹிவளைதானே, தெரிந்த ஆட்கள் இல்லை, பரவாயில்லை.

எண்பத்தாறு கிலோ. செருப்பைக் கழற்றிவிட்டு. கணக்கில் போட்டுக்கொள், அப்பாவிடம் மூச்சு விடாதே. அப்படியும் கூடினால் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், வரும்போது சோறு சுடச்சுட இருக்கும், கோபிக்க மாட்டேன், கொஞ்சம்தான் கோபிப்பேன்.

மூன்று பேரும் நோய்நொடியின்றி நீண்ட காலம் வாழ வேண்டும். வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. எழுபது என்று எழுதலாமென்று பேனை ஒருமுறை நின்றது. பின்சீட்டில் என் பக்கத்தில் சின்னவள் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், உள்ளதை எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா